சொட்டுக் குழாயை நகர்த்தினேன்

“கொடி காய்க்கிற வரைக்கும் ஒனக்குத் தண்ணி முறை உண்டு. கொடி போச்சுன்னா நெலத்த எங்களுக்கே குடுத்துர வேண்டியது. என்னம்மா, சரிதான?”

என் கணவரின் அண்ணன் இதைச் சொன்னபோது வாசலில் போட்டிருந்த சாமியானாவைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. என் கணவர் இறந்த துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் “சரி மச்சான்” என்றேன். அதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தால் என்ன வருமென்று எனக்கே தெரியாத அளவுக்குக் கோபம். காய்க்க வைத்துக் காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் கோம்பைக்குப் போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடியைப் படரவிட்ட பந்தல். பத்திரத்தில் என் பங்கு என் பேரில்தான் இருக்கிறது. ஆனால் கிணறும் அதற்குள் இறக்கிய ஆழ்துளைப் போரும் மச்சான் பங்கில் இருக்கின்றன. ஒரு நாள் அவர் தோட்டத்துக்கு, மறுநாள் எங்கள் தோட்டத்துக்கு என்று மாமனார் காலத்தில் வைத்த ஏற்பாடு. அதைத்தான் முறை என்போம். கிணற்றில் முறை இல்லாத நிலத்தை இந்தப் பக்கம் சும்மா கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்குவார்கள். எங்களுக்குப் பிள்ளையும் கிடையாது. பிள்ளையில்லாதவள் சொத்துக்கு உரிமை கொண்டாட ஆளுக்கா பஞ்சம்?

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். தோட்டத்தை என் கணவர் பார்த்துக்கொண்டார். நான் ஞாயிற்றுக்கிழமை வந்து, நல்ல குலையாகப் பார்த்து ஒன்றைத் தின்றுவிட்டுப் போகிறவள். டீச்சரம்மாவுக்குக் கொடி வெட்டுகிற கவாத்து தெரியுமா, மருந்தடிக்கத் தெரியுமா, ரெண்டு வெள்ளாமை தாண்டாது என்று மச்சான் போட்ட கணக்கு அப்படியொன்றும் தப்பில்லை. அந்த ரெண்டு வெள்ளாமையையும் நான் தட்டுத் தடுமாறித்தான் கரையேற்றினேன்.

ஐப்பசி மழை முடிந்த சமயத்தில் ஒரு கல்தூண் சாய்ந்தது. அந்த மூலையில் பந்தல் தொங்கிப்போய்விட்டது. புதுத் தூண் நட ஆள் விட்டுக் குழி தோண்டினேன். ரெண்டு வரிசைக் கொடிகளுக்கு நடுவில் குழி. இடுப்பளவு தோண்டியபின் நான் எட்டிப் பார்த்தேன். குழிக்குள் ஒரு வேர் இல்லை. மழை பெய்து ஓய்ந்த பூமி. மண் நல்ல ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தைக் குடிக்க அங்கே ஒரு நூல் வேர்கூட வரவில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். கொடியின் அடிமரம் இருக்கிற பக்கமாக மண்ணைக் கொத்திக்கொண்டே போனேன். அடிமரத்தைத் தொடுகிற தூரம் போனபிறகுதான் வேர் தட்டுப்பட்டது. சொட்டுக் குழாய்க்கு நேர் கீழே, ஓர் அண்டா கொள்ளுகிற மண்ணுக்குள், அத்தனை வேரும் ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டு சிக்கலாகக் கிடந்தன. மேலே கொடி ஒரு வீட்டுக்குக் கூரை போடுகிற அளவுக்குப் படர்ந்திருக்கிறது. கீழே அதற்கு ஓர் அண்டா மண்.

வருஷா வருஷம் கரும்பலகையில் வேர் வரைந்தவள் நான். தண்டுக்கு மேலே கிளைகள் எவ்வளவு விரிகின்றனவோ, அதே அளவுக்குக் கீழேயும் அழகாக விரித்து வரைவேன். பிள்ளைகளும் அப்படியே வரைந்து பாகங்களைக் குறித்து மார்க் வாங்கிக்கொண்டு போவார்கள். என் சொந்தத் தோட்டத்து வேருக்கு அந்தப் படத்தைக் காட்டியவர் யாருமில்லை போலிருக்கிறது.

இது எங்கள் தோட்டத்துக் கதை மட்டுமல்ல. முன்பெல்லாம் கொடியின் காலடியில் வட்டப் பாத்தி கட்டி வாய்க்கால் தண்ணீர் விட்டார்கள். பிறகு சொட்டுநீர் வந்தது. குழாயை எங்கே வைப்பது என்ற கேள்வியே யாருக்கும் வரவில்லை. பாத்தி இருந்த இடத்தில், அடிமரத்தோடு சேர்த்து வைத்தார்கள். தினமும் காலையில் திறந்துவிட்டார்கள். முறை இல்லாத நாளுக்காகத் தொட்டியில் பிடித்து வைத்தாவது சொட்ட விட்டார்கள். குழாய் அடிமரத்தை விட்டு விலகிக் கிடந்தால் அது சோம்பேறியின் தோட்டம். என் கணவர் இன்னும் ஒரு படி மேலே போய், காற்றில் குழாய் நகராமலிருக்க ஒவ்வொரு கொடியிலும் சணல் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தார். பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டியிருக்கிறார். ஊட்டி ஊட்டியே அதை எழுந்து நடக்கவிடாமல் செய்துவிட்டார்.

வேர் தண்ணீரைத் தூரத்திலிருந்து மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. அதன் நுனி, தலையில் ஒரு சின்ன மூடியை மாட்டிக்கொண்டு மண்ணைத் துழாவித் துழாவிப் போகிறது. ஈரம் பட்ட பக்கம் கிளை விடும், முடி போன்ற தூவி விடும். காய்ந்த பக்கம் கிளை விடாமல் சும்மா கடந்துபோகும், அல்லது நின்றுவிடும். காலடியிலேயே தினமும் ஈரம் இருந்தால் அது ஏன் வெளியூர் போகப்போகிறது? ஆனால் மண் மெல்ல மெல்லக் காய ஆரம்பித்தால் வேர் சும்மா இருக்காது. இலைக்குத் தகவல் அனுப்பும். இலை தன் துளைகளைச் சுருக்கிக்கொள்ளும். மேலே தளிர் விடுவது குறையும். இலை சமைக்கிற சாப்பாட்டில் பெரும் பங்கு கீழே போகும். அந்தச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு வேர் ஆழம் இறங்கும். இதற்கு அவகாசம் வேண்டும். திடீரென்று ஒரு நாள் தண்ணீரை நிறுத்தினால் தகவல் போய்ச் சேருவதற்குள் கொடி செத்துவிடும்.

அன்றைக்குக் குழிக்குள் நின்றுகொண்டு எனக்கு விளங்கியது இதுதான். கிணறு என் பங்கில் இல்லை. போர் என்றைக்கு வற்றும் என்பதும் என் கையில் இல்லை. மச்சான் மோட்டார் ரூமுக்கு ஒரு பூட்டுப் போட்டாரென்றால் பத்து நாளில் என் பந்தல் சருகாகிவிடும். தண்ணீர் நிற்பதற்கு முன்னாலேயே கொடிக்குத் தாகம் பழகியிருக்க வேண்டும்.

அடுத்த கவாத்து முடிந்ததும் ஆரம்பித்தேன். என் கணவர் போட்ட சணல் முடிச்சுகளை நானே ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கூலி ஆளை விட்டு அவிழ்க்க மனம் வரவில்லை. சில முடிச்சுகள் இறுகிப்போய், பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. இவ்வளவு இறுக்கமாகக் கட்டி வைத்துவிட்டு இப்படிப் பாதியில் போய்விட்டாரே என்று அவர் மேல் கோபம் வந்தது. வரிசையின் கடைசிக் கொடியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுதுவிட்டு அதையும் அவிழ்த்தேன்.

முதலில் ஒரு சாண் தள்ளி வைத்தேன். அங்கே ஈரம் பழகிய பிறகு ஒரு முழம். தினமும் கொஞ்சம் என்று விடாமல், இடைவெளி விட்டு, விடுகிற நாளில் ஆழம் நனைகிற வரை விட்டேன். வெட்டிப்போட்ட இலையையும் தென்னை மட்டையையும் வரிசைக்கு நடுவில் பரப்பி மண்ணை மூடினேன்.

மச்சான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். அவர் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் உழைப்பாளி. அவர் தோட்டத்தில் ஒரு புல் நிற்காது.

“ஏம்மா, கொழாய் இங்கன கெடக்கு, கொடி அங்கன நிக்குது. தண்ணி நடந்து போகுமா?” என்றார்.

“தண்ணி போகாது மச்சான். வேரு வரும்.”

“இது குச்சிய நட்டு வந்த கொடி. ஆணிவேரே கெடையாது. வெதையில மொளச்ச மரமா இது, ஆழம் போறதுக்கு?”

அவர் சொன்னதில் பாதி உண்மை. குச்சியில் வந்த செடிக்கு ஆணிவேர் இல்லைதான். மண்ணுக்குள் போன கணுக்களில்தான் அதற்கு வேர் வரும். ஆனால் ஆழம் போவதற்கு ஆணிவேர் வேண்டுமென்று எவன் சொன்னான்? வழி விட்டால் எந்த வேரும் போகும்.

“நானும் குச்சிதான் மச்சான். வேற ஊர்ல வெட்டிக் கொண்டாந்து இங்கன நட்டாக. போகுதா இல்லையான்னு பாப்போம்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

அந்த வெள்ளாமையில் கொடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. தளிர் குட்டையாக நின்றது. இலை மத்தியானத்தில் ஓரம் சுருட்டிக்கொண்டது. குலை சின்னதாக வந்தது. வாங்க வந்த வியாபாரி, மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளி, குலையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “எந்தா டீச்சரே, பழத்துக்குச் சாப்பாடு கொடுக்கலையா?” என்று கேட்டார். ஓரத்தில் சில கொடிகள் செத்தும் போயின. பேசாமல் குழாயைப் பழைய இடத்துக்கே இழுத்துவிடலாமா என்று நினைத்த நாட்கள் உண்டு. அப்படி ஒரு நாள், கடப்பாரையால் வரிசைக்கு நடுவில், அந்தக் கல்தூணுக்குப் பக்கத்திலேயே நெம்பிப் பார்த்தேன். சருகுக்குக் கீழே, ஈர மண்ணில், வெள்ளை வெளேரென்று பொடி வேர்கள். சேமியா மாதிரி மெல்லிசு. தொட்டால் ஒடிந்துவிடும். மண்ணை மெதுவாக மூடிவிட்டு எழுந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எனக்கே எனக்கென்று கேசரி கிண்டிச் சாப்பிட்டேன்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. மச்சானின் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளோடுதான் நான் போவேன். அதில் எந்தச் சண்டையும் குறுக்கே வராது. ஆற்றில் தண்ணீர் எடுத்து வந்து, கோயில் முன்னால் நட்ட கம்பத்துக்கு ஊற்றுவோம். அத்திமரத்தில் வெட்டிய மூன்று கவடு உள்ள கம்பம் அது. கூட்டம் நெரித்தது. அக்கா குடத்தைச் சாய்த்துக்கொண்டே என் காதில் சொன்னாள்:

“ஒன் கொடிக்கும் சேத்து ஊத்திக்க. கொடியப் பட்டினி போட்டுக் கொல்லுறான்னு ஊரே பேசுறாக.”

“இது சாமிக்கு ஊத்துற தண்ணிக்கா. வேரில்லாத கம்பத்துக்கு நாமதான் ஊத்தணும். என் கொடிக்கு வேர் இருக்கு, அது பாத்துக்கிரும்” என்றேன்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் சேர்த்து அவளே போட்டுக்கொண்டாள். ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் குடத்தால் முகத்தை மறைத்ததை நான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் மழை ஏய்த்துவிட்டது. மாசியிலேயே கிணறு தரை தட்டியது. போர் கொஞ்ச நேரம் ஓடினால் காற்றைத்தான் துப்பியது. ஒரு முறைக்குக் கிடைக்கிற தண்ணீர் குழாயை நிரப்பவே சரியாக இருந்தது. மச்சானுக்குத் தினமும் சொட்ட விட முடியவில்லை. ஒரு நாள் விட்டுப்போனது, இன்னொரு நாள் விட்டுப்போனது. அவருடைய பந்தல் முதலில் மஞ்சளடித்தது. பிறகு பிஞ்சு உதிர்ந்தது. அந்த அண்டா மண் காய்ந்தவுடன் அந்தக் கொடிகளுக்குப் போக வேறு இடமில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் என் பந்தல் நின்றது. செழிப்பாக நின்றது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். இலை கொஞ்சம், குலை கொஞ்சம். ஆனால் நின்றது. காய்த்தது. பழம் நல்ல கறுப்பாகப் பழுத்தது. அதே வியாபாரி வந்து ஒரு பழத்தை வாயில் போட்டுவிட்டு உடனே பெட்டியை இறக்கச் சொன்னார்.

மச்சானின் கொடிகள் சாகிறதை வேடிக்கை பார்க்க என்னால் முடியவில்லை. நான் தண்ணீர் விடாத முறை நாட்களில் அவரே மோட்டாரைப் போட்டுக்கொள்ளட்டும் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். போட்டுக்கொண்டார். நன்றி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. தண்ணீரும் காலம் கடந்துதான் போனது. வைகாசியில் அவர் பந்தலைப் பிரித்துவிட்டு ஜேசிபியை இறக்கினார்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. நான் வேலியோரம் நின்றேன். அடிமரத்துக்குக் கீழே இயந்திரத்தின் பக்கெட்டைக் கொடுத்துச் சும்மா ஓர் அசைப்பு அசைத்தால் போதும், கொடி வேரோடு எழும்பி வந்தது. வேர் ஒரு தட்டு மாதிரி வட்டமாக, மண்கூட ஒட்டாமல் வந்தது. கீரை பிடுங்குகிற வேலைதான். டிரைவர் ஒரு கையால் போன் பேசிக்கொண்டே பிடுங்கிப் போட்டுக்கொண்டு போனார். மச்சான் விழுந்து கிடந்த ஒரு கொடியின் வேரைக் காலால் புரட்டினார். பிறகு குனிந்து கையால் புரட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. இல்லையென்று ஏன் சொல்ல வேண்டும்? ஆனாலும், தோட்டம் பிரிவதற்கு முன்னால் அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து நட்ட கொடிகள் அவை.

அந்த இடத்தில் தென்னை வைத்தார். தென்னங்கன்றுக்குத் தண்ணீர் வேண்டும். அங்கேதான் விஷயம் வேறு பக்கம் திரும்பியது. கொடி செத்தால் முறை போய்விடும் என்றுதான் நான் ரெண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். கொடி பிழைத்ததால் முறை போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு காலை, என் முறை நாள். மோட்டார் போடப் போனேன். ரூம் வாசலில் மச்சான் நின்றார். பக்கத்தில் சொந்தத்தில் பெரிய மனிதர்கள் ரெண்டு பேர். துக்க வீட்டில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தவர்கள்தான். மச்சான் அவ்வளவு தன்மையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“ஒன் கெட்டிக்காரத்தனத்த ஊரே பேசுதும்மா. ஒங் கொடிக்குத்தான் தண்ணியே வேணாங்குதே. ரெண்டு மாசமா ஒன் முறையில நாந்தான் மோட்டார் போடுறேன், ஒனக்கு என்ன கொறஞ்சுபோச்சு? அந்த முறைய தென்னைக்கே விட்டுரு. எப்பவாச்சும் வேணும்னா ஒரு வார்த்த சொல்லு, நானே தெறந்து விடுறேன்.”

“அவரு சொல்றதும் ஞாயந்தான ஆத்தா. சும்மா கெடக்குற தண்ணிதான” என்றார் ஒருவர்.

இரக்கப்பட்டுக் கொடுத்தது ரெண்டே மாதத்தில் பழக்கமாகி, பழக்கம் உரிமையாகி, இப்போது பட்டு வேட்டி கட்டிக்கொண்டு என் முன்னால் நிற்கிறது. வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். கொடியை அண்டாவிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டு, நான் போய் அதற்குள் உட்கார வேண்டுமாம்.

“எங் கொடி கொறச்சலாக் குடிக்கப் பழகுச்சு மச்சான். குடிக்காம இருக்கப் பழகல” என்றேன். “ரெண்டு வருசம் குலை எளச்சு, பத்துக் கொடியச் சாகக் குடுத்து மிச்சம் பிடிச்ச தண்ணி இது. சும்மா கெடக்குறதுன்னு யாரு சொன்னாக?”

“மிச்சந்தான? அதத்தான் கேக்குறேன்.”

“மிச்சத்துக்கு வேலை இருக்கு.”

அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். என் பங்கில் மேற்கு ஓரமாக ஒரு துண்டு நிலம் தரிசாகவே கிடக்கும். தண்ணீர் காணாது என்று என் கணவரும் தொடவில்லை, அவருக்கு முன்னால் மாமனாரும் தொடவில்லை. அங்கே நான் குழி எடுத்து, எரு போட்டு, கடைசிக் கவாத்தில் வெட்டிய குச்சிகளை நட்டிருந்தேன். விரல் தடிமன் குச்சிகள். தரைக்கு மேலே ரெண்டு கணு, கீழே ரெண்டு கணு. பார்க்கிறவர்களுக்கு அது விறகு.

பெரியவர் ஒருவர் குனிந்து ஒரு குச்சியை அசைத்துப் பார்க்கக் கையை நீட்டினார்.

“தொடாதீக. இப்பத்தான் வேரு விடுது” என்றேன். டீச்சர் குரல் தானாக வந்துவிட்டது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

மச்சான் வரிசையைக் கண்ணாலேயே அளந்தார். இந்தக் குச்சிகள் காய்க்க ஆரம்பித்தால் என் முறை இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

“ஒத்தப் பொம்பள. யாருக்காக இவ்வளவும்?” என்று கேட்டார். இந்தத் தடவை அதில் நக்கல் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

“எனக்காக மச்சான்.”

இதைச் சொல்ல எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது. டீச்சராகவும் மருமகளாகவும் ஒருவர் மனைவியாகவும் இருந்த காலத்தில் இந்தப் பதில் என் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. சொன்னபிறகு அதற்கு விளக்கம் கொடுக்க வேண்டுமென்றும் தோன்றவில்லை.

திரும்பி மோட்டார் ரூமுக்கு நடந்தேன். மூவரும் பின்னாலேயே வந்தார்கள். மச்சான் ஏதோ பேசிக்கொண்டே வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கொஞ்சம் தள்ளுங்க மச்சான்” என்றேன். அவர் அரை அடி தள்ளினார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே போய் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. மோட்டார் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நான் வால்வைத் திறக்கத் தரிசுப் பக்கமாக நடந்தேன்.